மலிவு யார் கணக்கில்?

சிறு சரக்கு வண்டி ஒன்றை நம்பி வாழும் குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளில் ஊர்தோறும் உண்டு. காய்கறி ஏற்றுவோர், ஆடு கொண்டு வருவோர், கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுவோர், பழைய இரும்பு வாங்குவோர் எனத் தொழில்கள் வேறுபட்டாலும் வாசலில் நிற்கும் வண்டி பல வீடுகளில் ஒன்றாகவே இருக்கிறது. 2005இல் விற்பனைக்கு வந்த டாடா ஏஸ்தான் அது. மக்கள் வாயில் அதன் பெயர் ‘குட்டி யானை’. அப்படியொரு பழைய வண்டியின் முன்பக்கத்தை உயர்த்துவதற்காக எந்தப் பாகங்களைத் தேர்ந்தோம், எவற்றில் சிக்கனம் பிடித்தோம், எவற்றில் பிடிக்க மறுத்தோம் என்பதை இங்கே எழுதுகிறோம். வண்டி ஓட்டாதவர்களும் இதைப் படிக்கலாம். குறைந்த பணத்தில் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் இருப்பதுதானே!

ஏன் உயர்த்த வேண்டியிருந்தது?

நாங்கள் வில்லியனூர் கொம்யூனில் வசிக்கும் சகோதரர்கள். அத்தா வீட்டில் கணக்குப் பார்ப்பார். நாங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்வோம். பாகூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து காய்கறியும் கீரையும் ஏற்றிப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இறக்குவது அன்றாட வேலை. கல்யாண மாதங்களில் பிரியாணி தேக்சாக்களும் நாற்காலிகளும் ஏற்றுவோம். வண்டி எங்கள் கைக்கு வரும்போதே பலகாலம் உழைத்திருந்தது.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மழை ஓய்ந்ததும் துயரம் ஓயவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களான குருவிநத்தம், சோரியாங்குப்பம் முதலிய இடங்களுக்குள் புகுந்தது. எங்கள் பக்கம் சங்கராபரணியும் கரைபுரண்டது. நீர் வடிந்த பிறகு உள்சாலைகள் பல்லிளித்து நின்றன. வயலுக்குப் போகும் மண்பாதைகளில் வண்டிப் பள்ளங்கள் ஆழமாகிவிட்டன. எஞ்சின் அடியில் உள்ள ஆயில் சம்ப் ஒவ்வொரு மேட்டிலும் தட்டியது. வேகத்தடையில்கூட முன்பக்கம் உரசிய சத்தம் கேட்கும்போது வயிற்றைப் பிசையும். சம்ப் உடைந்து ஆயில் ஒழுகினால் எஞ்சினே போய்விடும். எஞ்சின் போனால் அந்த மாதமே போய்விடும்.

பார்த்தவர்கள் எல்லாம் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: “முன்பக்கத்தக் கொஞ்சம் தூக்கி விடுங்க பாய்.”

புது வண்டி எடுக்கும் பேச்சும் வீட்டில் வந்தது. தவணைக்குத் தருவதற்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆனால் வட்டி கட்டி வண்டி வாங்குவதில்லை என்பது அத்தா எப்போதோ எடுத்த முடிவு. நாங்களும் அதில் நிற்கிறோம். எனவே பழைய வண்டியைச் சரிசெய்தே ஆகவேண்டும். கையில் 7,000 ரூபாய் இருந்தது. எங்கள் பள்ளிவாசலின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனாக 8,000 ரூபாய் கிடைத்தது. ஆக, 15,000 ரூபாய். இதில் பாதிக்கு மேல் ஊரார் பணம் என்ற நினைவு, பிறகு ஒவ்வொரு கடைப் படியிலும் எங்களோடு ஏறி இறங்கியது.

தூக்குவதா, நிமிர்த்துவதா?

முதலில் போன இடம் வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம். அவர் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “பாய், வண்டியத் தூக்கணுமா, நிமித்தணுமா?”

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டோம். அளந்து பார்க்கச் சொன்னார். பள்ளிவாசல் முன்னுள்ள சமமான சிமெண்ட் தளத்தில், சரக்கு இல்லாமல் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள தகட்டின் விளிம்பு வரை நாடா பிடித்தோம். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. தெருவில் இதே வகையில் அதிகம் ஓடாத வண்டி ஒன்று உண்டு. அதையும் அளந்தோம். அதனோடு ஒப்பிட்டால் எங்கள் வண்டி வலப்பக்கம் 3 சென்டிமீட்டரும் இடப்பக்கம் 5 சென்டிமீட்டரும் இறங்கியிருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்த உயரம் ஏறக்குறைய அதுவேதான். கம்பெனி கொடுத்த உயரத்தை வண்டி இழந்திருக்கிறது. இழந்ததை மீட்டால் போதும்.

காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த வண்டியின் முன்பக்கத்தைத் தாங்குவது இரண்டே நீண்ட ஸ்பிரிங் பட்டைகள் கொண்ட ஒரு தொகுப்பு, பக்கத்துக்கு ஒன்று. லாரியில் காண்பதுபோல் பல பட்டைகள் அடுக்கப்பட்டதன்று இது. நடுவில் தடித்தும் இரு முனைகளை நோக்கி மெலிந்தும் இருக்கும் பரவளைய வடிவப் பட்டை. இரண்டு பட்டைகளும் நடுவிலும் முனைகளிலும் தவிர ஒன்றையொன்று தொடுவதில்லை. பல ஆண்டுச் சுமையில் அவற்றின் வளைவு தட்டையாகிவிட்டிருந்தது. முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் தேய்ந்து, ஷாக் அப்சர்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்தது.

மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார். தண்ணீரில் போவதற்காக உயர்த்தும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள் என்றார். இந்த வண்டியில் இடது, வலது சக்கரங்களை ஒரே அச்சு இணைக்கிறது. ஸ்பிரிங் அந்த அச்சின்மேல் நிற்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் மேலே உள்ள எஞ்சினும் உடலும்தான் உயரும். அச்சும், பின்னால் உள்ள டிஃபரன்ஷியல் கூண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றின் உயரத்தை முடிவு செய்வது சக்கரத்தின் அளவு. 12 அங்குல விளிம்பில் ஓடும் இந்தச் சிறு சக்கரத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஓர் அடிக்கும் குறைவு. ஓரடித் தண்ணீரில் அச்சு முழுகத்தான் செய்யும். இதைக் கேட்ட பிறகு, எங்களுக்கு வேண்டியது சம்ப் தட்டாத உயரம் மட்டுமே என்பது தெளிவாயிற்று.

நான்கு வழிகள், நான்கு விலைகள்

வில்லியனூரிலும் புதுச்சேரியிலும் விசாரித்ததில் நான்கு வழிகள் கிடைத்தன. விலைகள் கடைக்குக் கடை மாறுவதால் ரூபாயில் எழுதாமல் விகிதத்தில் எழுதுகிறோம்.

முதல் வழி, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட்டால் இறுக்குவது. புதிய ஸ்பிரிங் தொகுப்பின் விலையில் பத்தில் ஒரு பங்குதான். அரைநாளில் முடிந்துவிடும். சில வண்டிகளின் பின் அச்சில் கம்பெனியே இப்படிக் கட்டை வைத்து அனுப்புவதால், முன்னாலும் வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முன்சக்கரங்கள் திரும்புபவை, பிரேக் பிடிக்கும்போது சுமையின் பெரும்பகுதி முன்னோக்கிச் சாய்வதும் அவற்றின் மேல்தான். அந்த நேரத்தில் அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். கட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவு நெம்புகோல் வலு அந்த முறுக்கத்துக்குக் கூடுகிறது. கட்டை நழுவினால் அச்சு இடம் மாறும். அதன்பின் ஸ்டியரிங் நம் கையில் இருக்கும், வண்டி இருக்காது.

இரண்டாவது வழி, ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாற்றுவது. இதுவும் மலிவு. ஒரு முனையை மட்டும் தள்ளிவைப்பதால் அச்சு சற்றே சுழன்றுவிடும். சக்கரம் திரும்பும் கம்பத்தின் சாய்வு மாறும். திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானே நேராகும் இயல்பும், நேர்சாலையில் அலையாமல் ஓடும் இயல்பும் அந்தச் சாய்வில்தான் அமைந்திருக்கின்றன.

மூன்றாவது வழி, பழைய பட்டையைக் கழற்றி நெருப்பில் காட்டி அடித்து மீண்டும் வளைப்பது, அல்லது காயலான் கடையில் வேறு வண்டிப் பட்டை ஒன்று வாங்கி நடுவே செருகுவது. புதிய தொகுப்பில் மூன்றில் ஒரு பங்கு செலவு. பட்டறைக்காரர் ஒருவர், “சாயங்காலம் வாங்க, வில்லாட்டம் வளைச்சுத் தர்றேன்” என்றார். வில் போல வளைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஸ்பிரிங் எஃகுக்கு அதன் மீள்திறன் வருவது, குறிப்பிட்ட வெப்பத்தில் காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துவதால். கேஸ் வெல்டிங் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி காற்றில் ஆறவிட்டால் அந்தப் பதம் போய்விடும். சில மாதங்களில் பட்டை மீண்டும் படுத்துவிடும், அல்லது சொல்லாமல் ஒடியும். காயலான் கடைப் பட்டையின் சிக்கல் வேறு. அது எத்தனை ஆண்டு, எவ்வளவு சுமை தாங்கியது என்பதை யாரும் சொல்ல முடியாது. மயிரிழை விரிசல் துருவுக்கு அடியில் மறைந்திருக்கும். மேலும், பரவளையப் பட்டைகள் இடைவெளியோடு இயங்க வேண்டியவை. நடுவே அந்நியப் பட்டை செருகினால் உரசித் தேயும்.

நான்காவது வழி, இரு பக்கத்துக்கும் புதிய ஸ்பிரிங் தொகுப்பு. அதிகச் செலவு இதுதான். ஆனால் கம்பெனி முத்திரையிட்டதைத்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. வாகன நிறுவனங்களுக்கே ஸ்பிரிங் செய்து கொடுக்கும் ஜாம்னா ஆட்டோ போன்ற நிறுவனங்கள் தம் பெயரிலும் கடைகளுக்கு அனுப்புகின்றன. ஷாக் அப்சர்பரில் கேப்ரியல் அப்படி. அதே தரம், எங்களுக்குக் கிடைத்த விலை கம்பெனி ஷோரூமில் சொன்னதைவிடக் குறைவு.

சட்டத்தையும் பார்த்துக்கொண்டோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்றாயிற்று. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவுள்ள புதிய பாகம் போடுவது பழுதுபார்ப்பு. கம்பெனி உயரத்துக்கு மேல் தூக்குவதைப் பழுதுபார்ப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டியை ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குக் கொண்டு நிறுத்தவேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

உடைந்தால் யார் விலை கொடுப்பார்?

நான்காவது வழியே சரி என்று தெரிந்தாலும் 15,000 ரூபாய்க்குள் எல்லாம் அடங்குமா என்ற கவலை இருந்தது. வாங்கவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி அத்தாவிடம் காட்டினோம். அவர் பேனாவை எடுத்து நடுவே ஒரு கோடு கிழித்தார். “ஒடஞ்சா நமக்கு மட்டும் நட்டம்னா இந்தப் பக்கம் எழுது. ஒடஞ்சா ரோட்டுல போறவனுக்கு நட்டம்னா அந்தப் பக்கம் எழுது” என்றார்.

அதன்பின் வேலை எளிதாயிற்று. ஸ்பிரிங், அதை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகள், பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட், வெடிப்புவிட்டிருந்த பிரேக் ஹோஸ் ஆகியவை ‘அந்தப் பக்கம்’ போயின. இவற்றில் பழையது கிடையாது, பெயரில்லாததும் கிடையாது. யூ போல்ட் ஒருமுறை முழு இறுக்கம் கண்டால் சற்றே நீண்டுவிடும். கழற்றியதை மறுபடி போட்டால் பிடி குறையும். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறதே என்று அதைத் திரும்பப் பூட்டுவது பல இடங்களில் வழக்கம். எங்கள் பட்டியலில் அது புதிதாகவே இருந்தது. ஷாக் அப்சர்பரை ஒன்று மட்டும் மாற்றலாமா என்று பார்த்தோம். இரு பக்கமும் வெவ்வேறாக இயங்கினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுக்கக் கூடும் என்பதால் இரண்டையும் மாற்றினோம்.

‘இந்தப் பக்கம்’ சிக்கனத்துக்கு நிறைய இடமிருந்தது. ஷேக்கிள் தகடுகள் துளை தேயாமல் இருந்ததால் துருநீக்கி, சாயமடித்து அவற்றையே போட்டோம். சக்கரத்துக்கு உள்ளே மண் தடுக்கும் பிளாஸ்டிக் மறைப்பை காயலான் கடையில் வாங்கினோம். சம்ப்புக்குக் கீழே கல் படாமல் காக்கும் தகட்டைத் தட்டி நிமிர்த்தினோம். கழற்றுவது, கழுவுவது, துரு சுரண்டுவது ஆகியவற்றை மெக்கானிக் அனுமதியோடு நாங்களே செய்ததில் கூலியும் குறைந்தது.

கடையில் ஒரு சோதனை வந்தது. ஒருவர் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியைக் காட்டி, வழக்கமான விலையில் பாதிக்குத் தருவதாகச் சொன்னார்; பில் மட்டும் கிடையாது. பெட்டியில் அச்சு மங்கலாக இருந்தது. பட்டையில் பாக எண் பொறித்திருக்கவில்லை. அதிகபட்ச விலையும் தயாரித்த மாதமும் அச்சிட்ட சீட்டும் இல்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அத்தா நீளமாகப் பேசவில்லை: “கடன் வாங்குன காசுல வாங்குற சாமான். பில்லோட வாங்குங்க.” நம்மில் பலரும் வரியை மிச்சம் பிடிக்கவே பில்லை விடுகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப்பாகங்கள் அனைத்துக்கும் ஜிஎஸ்டி 18 விழுக்காடாகிவிட்டது. முன்பு பல பாகங்களுக்கு 28 விழுக்காடாக இருந்தது. பில்லில்லாப் பாகம் ஒடிந்தால் திருப்பிக் கேட்க ஒரு முகவரியும் இல்லை. நாங்கள் வேறு கடைக்குப் போனோம்.

பூட்டிய பிறகு

வேலை முடிந்ததும் அதே சிமெண்ட் தளத்தில் அதே நாடாவால் அளந்தோம். இரு பக்கமும் சமம். தெருவில் உள்ள அந்த வண்டியின் உயரம் எங்கள் வண்டிக்கும் வந்திருந்தது. முன்பக்கம் உயர்ந்தால் முகப்பு விளக்கின் ஒளியும் மேலேறும், எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். எனவே சுவர் எதிரே நிறுத்தி விளக்கைச் சரிசெய்தோம். வீல் அலைன்மென்ட் பார்த்தோம். சரக்குடன் சில நாள் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்கினோம். புதிய பாகம் அமர்ந்துகொள்ளும்போது பிடி தளர்வது இயல்பு. வேகத்தடையில் இப்போது சத்தமில்லை, அல்ஹம்துலில்லாஹ். செலவு கையிருப்புக்குள் அடங்கியது. மீந்த சில நூறு ரூபாயைக் கடனின் முதல் தவணையோடு சேர்த்துக் கட்டினோம்.

தண்ணீருக்காக ஒரு சிறு வேலை மட்டும் செய்தோம். பின் அச்சுக் கூண்டில் மூச்சுத்துளை ஒன்று உண்டு. சூடான கூண்டு தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது அந்த வழியே நீரை உறிஞ்சும். உள்ளே உள்ள ஆயில் மோர்போல வெளுத்துவிடும். அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி மேலே கட்டிவிட்டோம். ஆனால் ஆழம் தெரியாத நீரில் இறங்குவதில்லை என்பதே முடிவு. எஞ்சின் காற்று உறிஞ்சும் வாயில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. உள்ளே உள்ள கம்பி வளைந்து எஞ்சின் ஒரே நொடியில் நின்றுவிடும். வண்டியின் கதை அத்துடன் முடிந்தது.

கடினமாக இருந்தது சுமை விஷயம். இந்த வண்டிக்குத் தயாரிப்பாளர் குறித்த சரக்கு 750 கிலோ. எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டை என்றால் பத்து. “ஸ்பிரிங்தான் புதுசாச்சே, இன்னும் நாலு மூட்டை போடுங்க பாய்” என்று வியாபாரி ஒருவர் கேட்டார். முந்தைய பட்டைகள் படுத்துப்போனது எதனால் என்று அவருக்குச் சொன்னோம். அவர் வேறு வண்டி அழைத்துக்கொண்டார். அந்த நடையின் வாடகை எங்களுக்கு இல்லாமற்போனது உண்மை. இன்றும் சில வாரங்களில் அந்த இழப்பு கணக்கில் தெரிகிறது. ஆனால் ஸ்பிரிங்கில் செய்ய மறுத்த சிக்கனத்தைச் சுமையில் செய்தால் தாளின் நடுவே கிழித்த கோட்டுக்குப் பொருளில்லை.

வண்டி மட்டுமில்லை, வீட்டுக்கு வாங்கும் கேஸ் குழாய், மின்கம்பி, பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆட்டோவின் டயர் என்று நாம் விலை பேசும் பொருள்கள் பல. பணம் குறைவாக உள்ள வீட்டில் சிக்கனம் கடமையே; எதையும் புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்பது வீண்விரயம். வாங்குமுன் அந்தக் கோட்டை ஒருமுறை கிழித்துப் பாருங்கள். இதன் மலிவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று கேளுங்கள். நம் கணக்கில் என்றால் துணிந்து மிச்சம் பிடிக்கலாம். மாலையில் மதரஸா விட்டுப் பிள்ளைகள் கூட்டமாக நடந்து வரும் தெருவில்தான் எங்கள் வண்டியும் சரக்கோடு திரும்புகிறது. அந்தப் பிள்ளைகளின் கணக்கில் எதையும் எழுத எங்களுக்கு உரிமையில்லை. நம் உழைப்பை யாருக்கும் தீங்கில்லாததாக இறைவன் ஆக்கியருள்வானாக.